அறையை அளந்து ஸ்பீக்கர் வாங்குவோம்



நாற்பது ஆண்டுகளாக மூட்டைக் கணக்கும் லாரி ஹாரனும் கேட்டுப் பழகிய காது எனது. கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பின், நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஆசை வந்தது. விளாங்குடி வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் ஜோடியை வாங்கிச் சுவரோரம் நிறுத்தினேன். மிருதங்கம் பீப்பாயை உருட்டியது போல் ஒலித்தது. பாடுபவர் குரல் அமுங்கிப் போனது.

குற்றம் சரக்கில் இல்லை, கொள்முதலில்! பெரிய பெட்டி சுமார் 40 ஹெர்ட்ஸ் வரை அடி ஒலியைத் தரும். சிறிய அறையில் சுவரும் மூலையும் அதை மேலும் பெருக்கிவிடும். அலமாரியில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர் பெரும்பாலும் 55, 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நம் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.எம். சௌந்தரராஜன் குரல்களுக்கு அதுவே போதும். ஆண் குரலே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பேஸ் கிதாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் அதையும் முழுதாகக் கேட்க விரும்புவோர், பெரிய கூடம் இருந்தால் பெரியதையே வாங்கலாம்.

என் பெரிய ஜோடி இப்போது மூத்த மகன் வீட்டுக் கூடத்தில் அருமையாகப் பாடுகிறது. என் அறையில் சிறிய ஜோடி, காது உயர ஸ்டாண்டில், சுவரைவிட்டு இரண்டடி தள்ளி இருக்கிறது. ஸ்டாண்டுச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கிடங்கை அளக்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. மொத்தமாக வாங்கினால் லாபம் என்ற கடைப் பழக்கம் வீட்டுக்கு உதவாது என்பதே என் கருத்து.