தனிவழிப் போக்கனும் பெருநகரமும்

திருப்பூரினின்று அவிநாசி செல்லும் சாலையில் உள்ளது அனுப்பர்பாளையம். பித்தளையும் செம்பும் எவர்சில்வரும் சம்மட்டி அடியிற் பாத்திரமாக உருப்பெறும் ஓசையே இவ்வூருக்கு நெடுங்காலமாகப் பெயர் தந்தது. இன்றோ இதனைச் சூழப் பனியன் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. இப்பகுதியில் தைத்துப் பெட்டியில் அடைக்கப்பெறும் ஆடைகள் கடல் கடந்து அமெரிக்க மாநகரங்களை அடைகின்றன. சரக்கின் பின்னே வணிகர் செல்கின்றனர். மேற்படிப்பை நாடி மாணாக்கரும் செல்கின்றனர். மீண்டு வந்தோரை, “நகரம் எவ்வாறு இருந்தது?” என்று வினவினால், விமான நிலையம், விடுதி, அலுவலகம் என்னும் மூன்றனுள் விடை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அத்துணைத் தொலைவு சென்றும் நகரைக் காணாது திரும்புதல் பெரியதோர் இழப்பாகும். ஆங்குச் செல்வோர் ஒரு நாளேனும் துணையின்றித் தனியே நடந்து அதனைக் காணல் வேண்டும் என்பது நம் கருத்து.

“தனியே செல்வானேன்? கூட்டமாய்ச் சென்றால் ஆகாதோ?” எனச் சிலர் கேட்கலாம். கூட்டமாய்ச் செல்வோர் தம் ஊரையும் உடன் கொண்டு செல்கின்றனர். தம் மொழியிலேயே பேசி, தம் உணவையே தேடி உண்டு, தமக்குள்ளேயே நகைத்து மீள்கின்றனர். தனியே செல்பவனோ வழி வேண்டின் பிறரைக் கேட்டே ஆகவேண்டும். பசித்தால் முன்பின் அறியாத கடையுள் நுழைந்தே ஆகவேண்டும். கேட்கக் கற்றவனே காணவும் கற்கின்றான்.

வழி தவறுவோமோ என்னும் அச்சம் பெரிதும் வீண். சிக்காகோ நகரை எடுத்துக்கொள்வோம். 1871-ஆம் ஆண்டின் பெருந்தீயில் ஒரு பெரும் பகுதி அழிந்து மீண்டும் எழுந்த நகரம் அது. அதன் தெருக்கள் பெரும்பாலும் சதுரங்கப் பலகையின் கோடுகளைப்போல் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்கின்றன. ஸ்டேட் தெருவும் மாடிசன் தெருவும் கூடும் முனையே கதவெண்களின் தொடக்கம். அங்கிருந்து நாற்றிசையிலும், பெரும்பாலும் மைலுக்கு 800 என்னும் கணக்கில், எண்கள் ஏறிச் செல்கின்றன. கதவெண்ணைக் கண்ட அளவிலேயே தொலைவு விளங்கும். கிழக்கே மிச்சிகன் ஏரி கடல்போல் விரிந்து கிடத்தலின் திசை மயக்கமும் அரிது. எண்ணத் தெரிந்தவன் அந்நகரில் எளிதில் வழி தவறான்.

ஆயினும் வழி அறிதல் வேறு. ஆதரவு பெறுதல் வேறு. இவ்வுண்மையை அந்நகரிலேயே தனியே நின்று அறிந்தவர் சுவாமி விவேகானந்தர். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர் வீடுவீடாகச் சென்று திரட்டிய பொருளும் துணையாக, 1893 மே 31-இல் பம்பாயினின்று கப்பலேறிய அவர், சூலை இறுதியில் சிக்காகோ சேர்ந்தார். உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்ற காலம் அது. சமயப் பேரவை கூடுதற்கோ இன்னும் பல வாரங்கள் இருந்தன. கைப்பொருளோ நாளும் கரைந்தது. செலவு குறைந்த இடம் நாடிப் பாஸ்டன் சென்ற அவர், பேராசிரியர் ரைட் என்பாரது பரிந்துரையைப் பெற்று மீண்டபோது, பேரவைக் குழுவின் முகவரித்தாள் தொலைந்து போயிற்று. கதவெண்களின் இன்றைய ஒழுங்கு 1909-இல் ஏற்பட்டதே. அன்று அவ்வுதவியும் இல்லை. இரவைப் புகைவண்டிச் சரக்குப் பெட்டியொன்றிற் கழித்துக் காலையில் வீடுதோறும் வழி கேட்டார். அவரது கோலத்தைக் கண்டு கதவை மூடினோரே பலர். களைத்துத் தெருவோரம் அமர்ந்தவரை எதிர்வீட்டிலிருந்து கண்டு, வெளியே வந்து, பேரவைக்கு வந்தவரோ என வினவி, உள்ளே அழைத்து உணவளித்தவர் ஹேல் அம்மையார் ஒருவரே. செப்டம்பர் 11-இல் அவர் ஆற்றிய உரையை உலகம் அறியும். இவ்வம்மையார் திறந்த கதவை அறிந்தோர் சிலரே.

இதனின்று யாம் உணர்வன இரண்டு. முதலாவது, தனியே செல்வோன் எச்சரிக்கையை விட்டுவிடலாகாது. முகவரியைக் கைபேசியில் வைப்பதோடு அமையாது, தாளில் எழுதிச் சட்டைப்பையிலும் வைத்தல் வேண்டும். எங்குச் செல்கின்றோம் என்பதை ஒருவருக்கேனும் சொல்லிச் செல்லவும் வேண்டும். இரண்டாவது, ஒரு நகரத்தின் பெருமையை அளத்தற்குரிய கோல் அதன் மாடங்களின் உயரமன்று. துணையின்றி வந்தவன் முன்னே அங்கு எத்தனை கதவுகள் திறக்கின்றன என்பதே.

அக்கோலை நம் ஊரின்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டாவோ? திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்தில், பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் இளைஞர் பலர் தோட்பையும் ஒரு முகவரியுமாக வந்திறங்குகின்றனர். நம் எழுத்து அவர்க்குப் படிக்க வாராது. நம் பேச்சு அவர்க்கு விளங்காது. அவர்க்கு நம் ஊரே சிக்காகோ. அவர் வழி கேட்டபொழுது நாம் நின்று கேட்டதுண்டோ? “வடக்கன்” என்னும் ஒரு சொல்லால் எத்தனை முறை கதவை மூடியுள்ளோம்? அயல்நகரில் யாரேனும் நமக்கு வழிகாட்ட வேண்டுமென விரும்பும் நாம், நம் தெருவில் வந்து நிற்போனுக்கு வழிகாட்டத் தயங்குதல் எவ்வகையில் நேர்மையாகும்?

மாணவ நண்பர்களே! வாய்ப்புக் கிட்டின் அமெரிக்கப் பெருநகரங்களுக்குச் செல்லுங்கள். அச்சமின்றித் தனியே நடந்து அவற்றைக் காணுங்கள். வாய்ப்புக் கிட்டும்வரை, நம் புகைவண்டி நிலைய வாயிலில் திகைத்து நிற்கும் ஒருவனது முகவரித்தாளை வாங்கிப் படித்து, அவனுக்குரிய பேருந்தில் ஏற்றிவிடுங்கள். இதற்குக் கடவுச்சீட்டும் வேண்டா, பொருளும் வேண்டா. அயலானாய் நிற்பது யாதென்பதை அங்குச் சென்று அறியுமுன் இங்கேயே அறிந்துகொண்டவன், எந்நகரத்திலும் தனியன் ஆகான்.