பெல்ட்டுக்குச் சட்டம் வந்தாச்சு, ரோட்டுக்கு?

9.6.2025-ல் கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து உப்சி மாணவர்கள் 15 பேர் இறந்தாங்க. ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ், சுற்றுலா பஸ்களில் சீட் பெல்ட் கட்டாயம். கட்டலைன்னா 300 வெள்ளி அபராதம். நல்ல சட்டம்தான். ஆனா பெல்ட் கட்டினா ரோட்டு வளைவும் இறக்கமும் மாறிடாது.

தொழிற்சாலையில மெஷினுக்குத் தடுப்பு போடாம, "கவனமா வேலை செய்யுங்க"ன்னு மட்டும் சொன்னா போதுமா? ரோடும் அப்படித்தான். ஆபத்தான சாலைகளை முன்கூட்டியே ஆய்வு செய்து, குறித்த காலத்துக்குள் விளக்கு, இரும்புத் தடுப்பு போடணும்னு சட்டம் வேணும். விபத்துக்குப் பிறகு கமிட்டி போடுறது பத்தாது.

தைப்பூசத்துக்கு நாமும் பஸ் எடுக்கிறோம். உங்க தொகுதி ஒய்.பி.கிட்ட இதைக் கேளுங்க. பெல்ட் இல்லாத பஸ்ஸை ஆலயப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம். முருகன் துணை.