குடும்பத்தோடு கோயிலுக்குப் போக எந்த வண்டி எடுக்கலாம்?

1/
ஆடி, தை, பங்குனி. இந்த மாசங்கள் வந்தால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். குலதெய்வம் கோயிலுக்குப் போகணும், பேரப்பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும், கிடா வெட்டணும். மொத்தம் 25 பேர். எந்த வண்டி எடுக்கலாம்?

"பெருசா ஒண்ணு எடுங்க, எல்லாரும் ஒண்ணாப் போயிடலாம்" என்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவனாக எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி எவ்வளவு பெருசுன்னு பார்க்காதீங்க. ஆளுக்கு ஒரு சீட், சீட்டுக்கு ஒரு பெல்ட் இருக்கான்னு பாருங்க. ஒரு வண்டியில் அது கிடைக்கலைன்னா ரெண்டு வண்டி எடுங்க. அதுக்கும் வழியில்லைன்னா பஸ்ஸில் போங்க.

3/
யூடியூபில் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டையே வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்ல கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும் சார்" என்று சிலர் கேட்பதுண்டு. அதில் பெரிய ரகத்துக்கு 'ஃபிஃப்த் வீல்' டிரெய்லர் என்று பெயர். பிக்கப் வண்டியின் பின் தொட்டியில், பின் அச்சை ஒட்டி மேலே ஒரு இணைப்பு இருக்கும். டிரெய்லரின் கழுத்து அதில் வந்து உட்காரும்.

அரியலூர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. சிமென்ட் ஆலைகளுக்கு வந்து போகும் பல்கர் டிரெய்லர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். இழுக்கும் லாரியும் டிரெய்லரும் சேரும் இடத்தில் இருப்பது அதே மாதிரி இணைப்புதான்.

4/
வீடியோவில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம். அந்த டிரெய்லருக்குள் கட்டில், சோபா, சமையலறை எல்லாம் இருக்கும். ஆனால் வண்டி ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்று அங்கே பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. வீடு பின்னால் காலியாக வரும். குடும்பம் முன்னால் இழுவை வண்டியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

நாம இதைத் தலைகீழா செய்யறோம். டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து, அதில் பாட்டியையும் பேத்தியையும் உட்கார வைக்கிறோம். குட்டி யானையில் 20 பேர் நின்றுகொண்டு போகிறோம்.

5/
"மெதுவாத்தானே சார் போறோம்?" அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பள்ளிக்கூட இயற்பியல்தான் பதில். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே பெல்ட் இல்லாமல் இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் பறப்பார். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்கு அது சமம். 60 கிலோமீட்டர் என்றால் நாலு மாடிக்கு மேல்.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்தில் குழந்தையை உட்கார வைப்பீங்களா? லோடு வண்டியில் நாம் செய்வது அதைத்தான்.

6/
"குழந்தையை மடியில கெட்டியா பிடிச்சுக்கறேன்" என்பார்கள் அம்மாக்கள். அந்த 40 கிலோமீட்டர் வேகத்திலேயே, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 100 கிலோவுக்கு மேல் தாங்கும் பிடி வேணும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. பாசத்தில் குறை இல்லை, எலும்புக்கும் தசைக்கும் எல்லை இருக்கு, அவ்வளவுதான்.

7/
எடைக்கு வருவோம். 2005-இல் வந்த குட்டி யானை முக்கால் டன் சரக்குக்காக வடிவமைத்த வண்டி. ஆளுக்குச் சராசரி 50 கிலோ என்று வைத்தாலும் 20 பேர் ஒரு டன். அண்டா, விறகு, அரிசி மூட்டை, கிடா எல்லாம் தனிக் கணக்கு.

அதோடு, சரக்கு தரையோடு தரையாகக் கிடக்கும், மனுஷன் நிற்பான். நிற்கும்போது பாரம் மேலே ஏறிவிடும். வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். வண்டி கவிழ அது போதும்.

8/
பணம், சட்டம். இதைப் பலர் விபத்து நடந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரக்கு வண்டியில் இலவசமாகவோ காசு கொடுத்தோ பயணம் செய்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதில்லை என்பது 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய ஆள் சரக்கோடு போனால் மட்டும் கணக்கு வேறு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் சொன்னது.

ஆக, உயிரும் போய், கேஸும் நடந்து, கடைசியில் யாரிடம் காசு வாங்குவது என்றே தெரியாமல் குடும்பம் நிற்கும்.

9/
இதையெல்லாம் படித்துவிட்டு "படிக்காத ஜனம், சொன்னா கேக்காது" என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். லோடு வண்டி எடுப்பவர்களுக்குக் காரணம் இருக்கு. மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கே ரயில் கிடையாது. வயல்காட்டு நடுவில் இருக்கும் குலதெய்வத்துக்கு நேரத்துக்குப் பஸ் கிடையாது. கிடாவையும் அண்டாவையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது.

அதனால் என் யோசனை இது. சாமான் லோடு வண்டியில் போகட்டும். கேபினில் சீட் இருந்தால் ஒருத்தர் துணைக்குப் போகட்டும். மற்ற எல்லாரும் வேனில் வாங்க. இரண்டு வாடகையும் சேர்ந்து 5,000 ரூபாய் கூட ஆகுதுன்னே வைத்துக்கொள்வோம். 25 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200 ரூபாய்.

10/
சரி, வேன் எடுக்கப் போறீங்க. என்ன பார்க்கணும்?

மஞ்சள் போர்டு வண்டியா? வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு, வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லை.

பதிவெண்ணை எம்பரிவாகன் செயலியில் போடுங்க. எத்தனை சீட்டுக்குப் பதிவு, இன்சூரன்ஸ், எஃப்.சி. நடப்பில் இருக்கா, எல்லாம் தெரியும்.

சீட்டுக்கு மேல் ஒரு ஆள்கூட வேண்டாம். கூடுதல் ஆள் ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம், மாற்று ஏற்பாடு செய்யும் வரை வண்டி நகரவும் முடியாது. நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காருவது பயணம் இல்லை, பந்தயம்.

பெல்ட் இருக்கா, கொக்கி மாட்டுதா என்று கையால் இழுத்துப் பாருங்க. பல வண்டிகளில் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

டயரில் பட்டன் இருக்கா, வழுக்கையா? கேரியரில் அதிகப் பாரம் ஏற்றாதீங்க.

11/
டிரைவர். வண்டியைவிட இவர் முக்கியம். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை என்றுதான் சொன்னது. நேற்று ராத்திரி வேறு ட்ரிப் முடித்துவிட்டு வந்தவரை இன்று ராத்திரி திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. "நேத்து தூங்கினீங்களாண்ணே?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும். டீயும் பாட்டும் அதை ஜெயிக்காது. சென்னை–திருச்சி நால்வழிச் சாலையில் ஓரமாக நிற்கும் லாரி, தூக்கம் சொக்கிய கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். விடிந்த பிறகு கிளம்புங்க. சாமி காத்திருக்கும்.

12/
கர்ப்பிணிகளும் பெல்ட் போடணும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பு மேல் வரணும், மேல்ப் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே போகணும். வயிற்றின் மேல் வரக் கூடாது.

வாந்தி வருபவர்களை முன்பக்கம் உட்கார வைத்து, தூரமாகப் பார்க்கச் சொல்லுங்க. செல்போன் வேண்டாம். பெரியவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க விடுங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், கேரியர் மூட்டைக்குள் வேண்டாம்.

13/
கேரவன் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியதிலிருந்து நம் பக்கமும் ஆசை வந்திருக்கு. நல்லதுதான். ஆனால் 2024 டிசம்பரில் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ஏ.சி. போட்டுப் படுத்த இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம்.

அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது, கண்ணாடியை அடைத்துக்கொண்டு எந்த வண்டிக்குள்ளும் தூங்காதீங்க.

14/
கடைசியா, "எல்லாரும் ஒண்ணா ஒரே வண்டியில்" என்ற ஆசையைப் பற்றி.

லோடு வண்டி கவிழ்ந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வர மாட்டார். இருபது பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். ராத்திரிப் பணியில் இருக்கும் சில மருத்துவர்களும் செவிலியர்களும் யாரை முதலில் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரும். அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு தேவையில்லை. ஆனால் அடிபட்ட குழந்தையின் பெயரைச் சொல்ல, ரத்தம் கொடுக்க, பக்கத்தில் உட்கார ஒரு சொந்தம் வேணுமே? மொத்தக் குடும்பமும் அடுத்தடுத்த ஸ்ட்ரெச்சரில் கிடக்கும். இரண்டு வண்டியில் பிரிந்து போவதைப் பிரிவுன்னு நினைக்காதீங்க.

15/
அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் சிறப்புப் பேருந்து விடுவதுபோல, ஆடி வெள்ளிகளில் கிராமத்துக் கோயில்களுக்கும் சிற்றுந்துகளை விடலாம். மறித்து அபராதம் போடுவது மட்டும் போதாது. வேறு வழி காட்டினால்தான் ஜனங்கள் லோடு வண்டியை விட்டு இறங்குவார்கள்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். முன்பணம் கொடுக்கும் முன்னால் ஒரு தாளில் வருகிறவர்கள் பெயரை எழுதுங்க, கைக்குழந்தையையும் சேர்த்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சீட் எழுதுங்க. யாருக்காவது சீட் இல்லைன்னா அந்த வண்டி உங்களுக்கு ஆகாது.

உங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிருங்க.