செத்த கோழிக்கும் காசு கொடுங்க

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் வந்தால் போதும், சென்னையிலிருந்து தங்கச்சி மகன் போன் போட்டுவிடுவான். "மாமா, அந்தக் கோழிய எல்லாம் ஒழிச்சுக் கட்டுங்க. அடுத்த கொள்ளைநோய் உங்கள மாதிரி ஆளுங்க வீட்ல இருந்துதான் வரும்."

இங்கே நெல்லியாளத்துக்குப் பக்கத்தில், தாளூர், சோலாடி சோதனைச்சாவடிகளில் லாரி டயருக்குக் கிருமிநாசினி அடிப்பாங்க. அடிக்கட்டும். பறந்து வர்ற பறவைக்கு எந்தச் சாவடி?

பயப்படுவதில் தப்பில்லை. இன்ஃப்ளுயன்சா வைரஸின் மரபணு எட்டுத் துண்டாக இருக்கிறது. பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே செல்லுக்குள் புகுந்தால், ரெண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் கலைத்த மாதிரி துண்டுகள் இடம் மாறும். 256 விதமாகச் சேரலாம். முக்கால்வாசி உருப்படாது. ஒண்ணு உருப்பட்டால் போதும்.

1957-இல் உருப்பட்டது. மூன்று துண்டு பறவையுடையது, ஐந்து மனிதரிடம் ஏற்கெனவே இருந்தது. அந்த மே மாதம் சிங்கப்பூர் கப்பலில் சென்னைக்கு வந்து, நாடு முழுக்கப் பரவியது. அதை ஆராய்ந்தது எங்க மலையில், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த இன்ஃப்ளுயன்சா மையம். 1968-இல் மறுபடி ரெண்டு பறவைத் துண்டு. 2009-இல் வந்தது பன்றிகளுக்குள் கலந்தது. 2024-இல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் மாட்டுப் பண்ணைகளுக்குள்ளேயே புகுந்தது. அது ஒண்ணும் என் வீட்டுக் கோழிக்கூடு இல்லையே, மாப்ளே!

ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன மழையில் என் கோழி நாலு ஒரே வாரத்தில் செத்துச்சு. தேயிலைச் செடிக்கு அடியில் புதைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. என்ன நோயோ, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னாங்க: "வாயத் தொறந்தா மிச்சத்தையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க தம்பி."

இதுதான் ஆபத்து. கோழி வளர்ப்பதில்லை, செத்ததை மறைப்பதில். அரசாங்கத் திட்டத்தில் இழப்பீடு, அழிக்கிற கோழிக்குத்தான். அதுக்கு முன்னாடி தானா செத்ததுக்கு ஒண்ணும் கிடையாது. அப்புறம் எவன் முதல் நாளே சொல்வான்?

செத்த கோழியைக் காட்டுபவனுக்குக் காசு கொடுங்க. சோதனை முடிவை அவன் கையில் கொடுங்க. கோழி, பன்றி வளர்க்கிறவனுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி இலவசமாகப் போடுங்க. ரெண்டு வைரஸும் ஒரே உடம்பில் சந்திக்கிற வாய்ப்பு குறையும்.

டயருக்கு அடிக்கிற மருந்தைவிட இது ரொம்பப் பெரிய செலவா? முதல் செத்த கோழியைப் பார்க்கப்போவது நீங்க இல்லை, நான்தான். நான் வாயைத் திறக்கணுமா, மண்வெட்டியை எடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க.