முப்பது வினாடிக்கு டைட்டில் கார்டு இல்லை

1992 ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’ வெளியானது. அதன் நாயகனையும் இசையமைப்பாளரையும் தமிழ்நாட்டுக்கு முன்பே காட்டிவிட்டது ஒரு காபித்தூள். லியோ காபி விளம்பரத்தில் பார்த்துத்தான் அரவிந்த்சாமியை ‘தளபதி’க்கு அழைத்தார் மணிரத்னம். அதே காபிக்கு மெட்டுப் போட்ட இளைஞரை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் விளம்பரப்பட இயக்குநர் சாரதா திரிலோக். ஆனால் மயிலாப்பூரில் டிவி பார்த்த வீடுகளுக்கு அரவிந்த்சாமியின் முகமாவது தெரியும். மெட்டு போட்டவர் ஏ.ஆர். ரஹ்மான் என்பது யாருக்குத் தெரியும்? சினிமாவுக்கு இருக்கும் டைட்டில் கார்டு விளம்பரத்துக்குக் கிடையாது.

அந்தப் பெயரின்மை அவருக்கு நல்லதையே செய்தது என்பேன். ஐம்பது பேர் உட்கார்ந்து வாசிக்கும் சினிமா ரெக்கார்டிங்கின் செலவு விளம்பரத்துக்குக் கட்டுப்படியாகாது. கீபோர்டும் சீக்வென்ஸரும் ஒரு நல்ல குரலும்தான் கைவசம். ஆல்வின் கடிகாரத்துக்கும் பிரீமியர் குக்கருக்கும் செய்துபார்த்ததில் எது சொதப்பினாலும் கேள்வி கேட்க ரசிகர் கூட்டம் இல்லை. வேலையின் கெடுபிடி மட்டும் அதிகம். முப்பது வினாடிக்குச் செய்ததைப் பிறகு இருபதாக, பத்தாக நறுக்குவார்கள். அப்போதும் மெட்டு பிழைத்திருக்க வேண்டும். கதைக்கும் பொருளின் பெயருக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடத்தில்தான் இசை. ‘ரோஜா’ பாடல்களில் தேவையில்லாத ஒரு ஒலிகூட இல்லாததற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று நினைக்கிறேன்.

பின்னால் ரஹ்மானுக்கு ஒரு சினிமா வந்தது. பெயர் வெளியே வந்தது. மற்றவர்கள்? மால்குடி சுபா பாடிய விளம்பரங்கள் எண்ணிக்கையில் அவருடைய சினிமாப் பாடல்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அவற்றில் எது அவர் குரல் என்று கேட்டால் விழிப்போம்.

பெயர் சொல்லப்படாமலே பெயர் வாங்கியவர் ஒருவர் உண்டு, மொசார்ட். 1773-ல் பதினேழு வயதில் அவர் எழுதிய 25-வது சிம்பொனியின் துண்டுதான், டிட்கோவும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கி ஓசூரில் கைக்கடிகாரம் செய்த டைட்டனின் இசை. காலம் மாற மாற அதை வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் தபேலாவுக்கும் ஏற்ப மாற்றி அமைத்தவர்கள் பலர். எழுதியவர் பெயரை ‘குவிஸ்’ மாஸ்டர்கள்வரை எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம் காதுக்குப் பழக்கியவர்கள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

முப்பது வினாடியில் பெயருக்கு ஏது இடம் என்பார்கள் ஏஜென்ஸிக்காரர்கள். டிவியில் ஒவ்வொரு வினாடிக்கும் காசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2002-ல் ஏர்டெல் விளம்பரத்தில் ரஹ்மானே திரையில் வந்தார். அப்போது இடம் இருந்தது. அவர் பெயர் சரக்கை விற்கும் என்றதும் இடம் கிடைத்துவிட்டது. ஆக, விஷயம் வினாடிக் கணக்கு அல்ல, வியாபாரக் கணக்கு.

இந்தக் கணக்கைத் தி.நகரைவிடத் தெளிவாகப் போடும் ஊர் எது? உஸ்மான் சாலைக் கடைகள் மெட்டை நம்பியது போய் முகத்தை நம்பத் தொடங்கிப் பல வருடமாகிறது. தமன்னா, ஹன்சிகாவோடு அங்கே ஒரு கடையின் முதலாளி சரவணனே விளம்பரத்தில் ஆடினார். கேலி செய்தவர்கள் உட்பட எல்லோர் மனதிலும் பதிந்தார். அவருடைய விளம்பரங்களை இயக்கிய ஜேடி-ஜெர்ரியே 2022-ல் ‘தி லெஜண்ட்’ படத்தில் அவரை நாயகனாக்கினார்கள். எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. தன் காசு, தன் கடை, தன் ஆட்டம். ஆனால் அந்த ஆட்டத்துக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இன்று விளம்பரங்கள் யூடியூபிலும் ஏறுகின்றன. அங்கே வினாடிக்குக் காசு கிடையாது. வீடியோவுக்குக் கீழே நட்சத்திரத்தின் பெயரும் கிளைகளின் முகவரியும் போன் நம்பரும் வரிவரியாக ஓடுகின்றன. அடுத்த தீபாவளி விளம்பரத்திலிருந்து அதே இடத்தில் இசை யார், குரல் யார், வரிகள் யார் என்று மூன்று வரி சேர்க்கக் கடைக்காரருக்குக் கால் காசு செலவில்லை. அவராகச் சேர்க்க மாட்டார். பாடகர்களும் இசையமைப்பாளர்களும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.