நல்லெண்ணெய் இதயத்துக்கு நல்லதுதான்... அதுக்காக பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது நம்பிக்கை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு அந்தப் படிகளில் ஏறுபவர்களில் இருபது வயது இளைஞரும் உண்டு; தினமும் பிபி மாத்திரை போடும் அறுபது வயதுக்காரரும் உண்டு.

1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திரத்திலிருந்து அன்றைய மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். 'எள்ளு' என்று கேட்டாலும், 'நுவ்வுலு' என்று கேட்டாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஒரே விதையைத்தான். இரண்டு மொழி ஃபேமிலி குரூப்களிலும் சுற்றுவதும் ஒரே ரக மெசேஜ்தான்: தினமும் நல்லெண்ணெய் சாப்பிட்டால் போதும், இதயத்துக்கு மாத்திரையே வேண்டாம்!

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து.

எள்ளில் அப்படி என்ன இருக்கு?

எள்ளில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய்தான். அதில் பெரும்பகுதி நிறைவுறா கொழுப்பு. இதயத்துக்குச் சிக்கல் தரும் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 சதவீதம் மட்டுமே. இதைவிட முக்கியமாக, எள்ளுக்கே உரிய சில பொருட்கள் உண்டு: செசமின், செசமோலின். எள்ளை வறுக்கும்போது செசமோலின் உடைந்து செசமால் உருவாகும். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்கு இவையும் ஒரு காரணம்.

இந்தப் பொருட்களை நம்பித்தான் ஒரு சட்ட விதியே இருக்கிறது. வனஸ்பதியில் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும். நெய்யில் யாராவது வனஸ்பதியைக் கலந்தால், ஆய்வகச் சோதனையில் எள்ளின் பொருட்கள் சிவப்பு நிறம் காட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதயத்துக்கு நிஜமாகவே உதவுதா?

ஜப்பானில் லேசான ரத்த அழுத்தம் உள்ள 25 பேருக்கு தினமும் 60 மில்லிகிராம் செசமின் 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் அழுத்தம் சராசரியாக 3.5 புள்ளி இறங்கியது. 2009-ல் வெளியான ஆய்வு இது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், உடல் எடை அதிகமுள்ள 33 பேர் தினமும் 25 கிராம் எள் 5 வாரம் சாப்பிட்டார்கள். கொழுப்பிலும் சரி, ரத்த அழுத்தத்திலும் சரி, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

நம்ம ஊர் ஆய்வும் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டது. ரத்த அழுத்தம் உள்ள 50 பேர், மற்ற எண்ணெய்களை விட்டுவிட்டு 45 நாள் நல்லெண்ணெயில் மட்டும் சமைத்துச் சாப்பிட்டார்கள். அழுத்தம் நன்றாகவே குறைந்தது. பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது.

ஃபார்வர்டு மெசேஜ்கள் விட்டுவிடுகிற ஒரு வரி இங்கேதான் இருக்கிறது. அந்த 50 பேரும் பிபி மாத்திரை எடுத்துக்கொண்டே இருந்தவர்கள். மாத்திரையோடு சேர்ந்து எண்ணெய் உதவியதா என்பதுதான் அங்கே கேள்வி. மாத்திரைக்குப் பதிலாக எண்ணெய் என்று அந்த ஆய்வில் சோதிக்கவில்லை.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது அருமையான பழமொழி. ஆனால் அது நோய் வராமல் காக்கும் சாப்பாட்டைப் பற்றியது. வந்துவிட்ட நோயைப் பற்றியது இல்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மாத்திரையை நிறுத்தியவருக்கு நான்கு வாரம் ஒன்றும் தெரியாது. 'பார்த்தியா, எண்ணெய் வேலை செய்யுது' என்று அவரே இன்னும் நாலு பேருக்குச் சொல்வார். பிறகு ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ தெரியவரும்.

இன்று தமிழ்நாட்டில் வைத்தியனுக்குக் கொடுக்க வேண்டிய அவசியமும் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிபி மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீடு தேடியே வருகிறது. காசு மிச்சம் என்பதற்காக மாத்திரையை விட்டு எண்ணெய்க்கு மாறுவதில் கணக்கே உதைக்கிறது.

எவ்வளவு, எந்த எண்ணெய்?

சிதம்பரம் ஆய்வில் ஒருவர் ஒரு நாளைக்குப் பயன்படுத்தியது சுமார் 35 கிராம். 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய், கொழுப்பு எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஆகவே நல்லெண்ணெயைக் கூடுதலாகக் குடிப்பது தீர்வு இல்லை. ஏற்கெனவே ஊற்றுகிற எண்ணெயில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஊற்றுவதுதான் சரி. இட்லிப் பொடிக்கு ஒரு ஸ்பூன், குழம்புத் தாளிப்புக்கு ஒரு ஸ்பூன் போதும். எள்ளுருண்டை நல்லதுதான், ஆனால் அதில் வெல்லமும் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். எள் அலர்ஜி உள்ளவர்கள் தொடவே கூடாது. நல்லெண்ணெயில் ஊறிய ஊறுகாயைத் தினமும் அள்ளிப் போட்டுக்கொண்டால், எள் தரும் நன்மையை உப்பு கெடுத்துவிடும்.

கோயில் ஊர்களில் இன்னொரு எச்சரிக்கை. விளக்குக்கு விற்கும் 'தீப எண்ணெய்' சமையலுக்கானது இல்லை. பாட்டிலில் எள் படம் இருந்தாலும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். மிச்சமான விளக்கு எண்ணெயை வாணலியில் ஊற்ற வேண்டாம்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ பிபி மாத்திரை போடுபவராக இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். தேதிக்குக் கணக்கு சரியாக வருகிறதா? வரவில்லை என்றால் திட்டாமல் காரணம் கேளுங்கள். ஃபார்வர்டு மெசேஜ்தான் காரணம் என்றால், சிதம்பரம் ஆய்வைச் சொல்லுங்கள். எண்ணெயை விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம் என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். திருத்தணிப் படியோ, வீட்டு மாடிப்படியோ, ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், கைக்குப் பரவும் வலி, வியர்வை என்று சொன்னால் எந்த எண்ணெயும் தேட வேண்டாம். உட்கார வைத்துவிட்டு, உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.