‘ஒரு வாரத்துல சரியாயிடும்!’ – முக அறுவை சிகிச்சையில் யாரும் சொல்லாத வீக்கக் கணக்கு

“வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அடுத்த வாரம் முடிஞ்சதும் ஆபீஸ்.” மூக்கைத் திருத்திக்கொள்ளும் ரைனோபிளாஸ்டி சிகிச்சைக்குப் போகும் பல இளைஞர்கள் போடும் கணக்கு இதுதான். லீவு, இஎம்ஐ, மருத்துவமனை செலவு எல்லாம் அதில் இருக்கும். வீக்கம் மட்டும் இருக்காது.

மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் அது தெரியவரும். திறக்க முடியாத இமைகள், கண்ணைச் சுற்றி ஊதா நிறம், உப்பிப்போன கன்னங்கள். “ஏதோ தப்பா போயிடுச்சு” என்ற பயம் அடிவயிற்றைப் பிசையும். பெரும்பாலான நேரங்களில் தப்பாகப் போனது ஆபரேஷன் அல்ல, முன்கூட்டியே சொல்லப்பட்ட கணக்கு.

உடம்பு என்ன செய்கிறது?

மூக்கு எலும்பை வெட்டிச் சீரமைக்கும்போது சுற்றியுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுபடுகின்றன. கசிந்த ரத்தம் தோலுக்கு அடியில் தேங்குவதுதான் ரத்தக்கட்டு. காயத்தை ஆற்ற உடல் அனுப்பும் நீரும் செல்களும் அங்கே சேர்வதுதான் வீக்கம். இது பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதாவது, முதல் நாளைவிட மூன்றாம் நாள் முகம் மோசமாகத் தெரிவது இயல்பு.

பிறகு நிறம் மாறும். ஊதா பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். தேங்கிய ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடல் படிப்படியாக உடைப்பதுதான் காரணம். கடைசியில் வரும் மஞ்சள், மஞ்சள் காமாலையில் தெரியும் அதே பிலிரூபின் நிறமிதான். ஆனால், இங்கே அது நோய் அல்ல, ஆறுவதன் அடையாளம். கண்ணுக்குக் கீழே இருந்த கட்டு கன்னத்துக்கு இறங்கினாலும் பதற வேண்டாம். அது புவியீர்ப்பின் வேலை.

எத்தனை நாள்?

மூக்கின் மேல் வைக்கும் கட்டு சுமார் ஒரு வாரத்தில் எடுக்கப்படும். ரத்தக்கட்டு மறைய இரண்டு வாரம் வரை ஆகலாம். வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். ஆனால், மூக்கு நுனியில் இருக்கும் மிச்ச வீக்கம் முழுதாக அடங்க ஓராண்டுகூட ஆகும். தோல் தடிமனாக இருந்தால் இன்னும் தாமதமாகலாம். ஆகவே, இரண்டாவது வாரத்தில் செல்ஃபி எடுத்து “மூக்கு நல்லா வரலையே” என்று தீர்ப்பு எழுதுவது, பாதி வெந்த சோற்றை ருசி பார்ப்பது மாதிரி. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஆபரேஷன் தேதி குறிப்பதும் அதே தவறுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வீக்கம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சுடு ஒத்தடம். முதல் இரண்டு நாள்களுக்கு அது கூடவே கூடாது. சூடு ரத்தக்குழாய்களை விரிக்கும், வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி, கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் 10, 15 நிமிடம் விட்டுவிட்டு வைக்கலாம். மூக்கின் மேல் அழுத்தக் கூடாது. மரத்துப்போன தோலுக்குக் குளிர் உறைக்காது என்பதால், ஐஸை நேராகத் தோலில் வைக்கவும் கூடாது. தையல் மேல் மஞ்சள் பூசுவதும் வேண்டாம்.

தலையணையை உயர்த்தி, மல்லாந்து படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு அதிகமுள்ளவற்றைச் சில நாள் தள்ளி வைக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஜிம், குனிந்து எடை தூக்குவது, மூக்கில் அழுத்தும் கண்ணாடி இவையெல்லாம் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. சிகரெட் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். வெயில் பட்டால் நம்முடைய தோலில் கருமை தங்கிவிடக்கூடும்.

வலிக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போட்டுக்கொள்வது ஆபத்து, ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். அதே நேரம், இதயப் பிரச்சினைக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் ஆபரேஷனுக்காகத் தாங்களாகவே அதை நிறுத்தவும் கூடாது. இரண்டையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது, மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, நிற்காத ரத்தம், காய்ச்சல், சீழ், பார்வை மங்கல், மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் ரகசியம் ஆபத்தாகிறது. “அழகுக்காகவா கத்தி வெச்சே?” என்ற கேள்விக்குப் பயந்து பலர் வீட்டுக்கே சொல்வதில்லை. வெளியூரில் பி.ஜி. ரூமில் தனியாகப் படுத்திருப்பவருக்கு நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் ஆட்டோ பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஊருக்கே அறிவிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு இரவுகளுக்கு ஒரே ஒரு ஆளாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

சொல்ல வேண்டியது யார்?

நோயாளி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பாதி உண்மைதான். சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, முக்கிய ஆபத்துகளைச் சொன்ன பிறகு பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆபரேஷன் அன்று காலை நீட்டப்படும் படிவத்தில் அவசரமாகப் போடும் கையெழுத்து அந்த நோக்கத்தை நிறைவேற்றாது. அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது. எனவே, கூடுதல் லீவும் கூடுதல் செலவும் நோயாளி தலையில்தான் விழும்.

விளம்பரங்களில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் மூன்றாம் நாள் படத்தையும் பத்தாம் நாள் படத்தையும் மருத்துவமனைகள் முதல் ஆலோசனையிலேயே காட்ட வேண்டும். எந்த நாளில் என்ன எதிர்பார்க்கலாம் என்று தமிழில் ஒரு தாளும், இரவில் எடுக்கும் ஒரு போன் நம்பரும் கொடுக்க வேண்டும். “இதையெல்லாம் காட்டினா ஆள் வராது” என்று சிலர் சொல்லலாம். மூன்றாம் நாள் படத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போகிறவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அதைப் பார்க்காமலே ஆபரேஷன் செய்துகொண்டு, தனி அறையில் கண்ணாடி முன்னால் நின்று பயப்படுகிறவருக்குத்தான் நஷ்டம்.